ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டா: இடது கையின் அந்தத் 'தப்பான' சுரங்கள்

கேட்டிருப்பது சுருக்கமாக இது: பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் கச்சேரி முடிவில் உபரியாக வாசிக்கும் டொமெனிகோ ஸ்கார்லாட்டியின் டி மைனர் சொனாட்டாவை (பட்டியல் எண் கே 141) கேட்டேன். பரோக் இசை (சுமார் 1600 முதல் 1750 வரையான ஐரோப்பியப் பாணி) என்கிறார்கள், ஆனால் பாக் மாதிரி கொஞ்சமும் இல்லை. இடது கையில் பல இடங்களில் விரல் தப்பிப் பட்டதுபோல் ஒலிக்கிறது. நாலு நிமிடத்தில் முடிந்தும் விடுகிறது, இது எப்படி சொனாட்டா? ஹார்ப்சிகார்டுக்கு எழுதியதைப் பியானோவில் வாசிப்பது முறைதானா?

இடது கையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

ஹார்ப்சிகார்டில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே மெல்லிய மரத்துண்டு ஒன்று மேலே எழும்பும். அதில் செருகியிருக்கும் பறவை இறகின் தண்டு கம்பியை மீட்டிவிட்டுப் போகும். மெதுவாக அழுத்தினாலும் சரி, ஓங்கி அடித்தாலும் சரி, மீட்டுவது ஒரே மீட்டல்தான், சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். பியானோவில் சுத்தியல் அடிப்பதால் விரலின் வேகம் சத்தமாக மாறுகிறது. ஹார்ப்சிகார்டுக்கு அந்த வசதி கிடையாது. சில ஹார்ப்சிகார்டுகளில் இன்னொரு வரிசைக் கம்பிகளைச் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் ஒரு தட்டுக்கு மட்டும் அதைப் போட்டு, அடுத்த தட்டுக்குள் எடுத்துவிட முடியாது.

அப்படியானால் ஒரு தாளத்தட்டு மட்டும் 'ணங்' என்று விழ வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரே நேரத்தில் நிறையக் கம்பிகளை மீட்ட வேண்டும். டி மைனர் கார்டுக்கு (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) டி, எஃப், ஏ மூன்றும் போதும். அவற்றையே மேலும் கீழும் இரட்டித்தால் ஒலி தடிக்கும். அதோடு பக்கத்தில் இருக்கிற ஈ-யையோ ஜி-யையோ சேர்த்து நசுக்கினால் ஒலி தடிப்பதோடு கடிக்கவும் செய்யும். ஸ்கார்லாட்டி செய்வது இதைத்தான். அவருடைய சத்தக் குறியீடு தாளின் ஓரத்தில் எழுத்தாக இருக்காது, கார்டில் எத்தனை சுரம் இருக்கிறது என்பதில் இருக்கும். கே 141-இன் இடது கை கார்டுகளை அப்படிப் பாருங்கள். கார்டுக்குச் சொந்தமில்லாத சுரம் எங்கே புகுகிறதோ அங்கே அவர் அழுத்தம் கேட்கிறார். கே 119, கே 175 இரண்டிலும் இது உச்சத்துக்குப் போகிறது. முதல்முறை கேட்பவர்கள் முழங்கை பட்டுவிட்டதோ என்று நினைப்பார்கள்.

இன்னொரு விஷயம். ஹார்ப்சிகார்டின் ஒலி சுருக்கென்று எழுந்து சீக்கிரம் மங்கிவிடும். உரசல் காதைத் தொட்டவுடனேயே கரைந்துவிடும். இன்றைய பெரிய பியானோவின் கீழ்ப்பகுதியில் அதே கார்டை அழுத்தினால் அது கனத்து நின்றுகொண்டே இருக்கும். உங்களுக்குத் தப்பாகப் பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல பியானோ வாசிப்பாளர்கள் அந்தக் கார்டுகளை வெட்டிவிடுவார்கள், பெடலைப் பக்கத்தில் விடமாட்டார்கள்.

இந்த நசுக்கும் வித்தை ஸ்கார்லாட்டியின் கண்டுபிடிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் அச்சியக்காத்துரா. பிரான்செஸ்கோ காஸ்பரீனி 1708-இல் ஹார்ப்சிகார்டில் பக்கவாத்தியம் வாசிப்பது பற்றி ஒரு கையேடு வெளியிட்டார், அதில் இதைச் சொல்லித் தருகிறார். கார்டோடு சேர்த்துப் பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு விடுவதற்கு அவர் சொல்லும் உவமை, கடித்தவுடனே காயப்படுத்தாமல் விட்டுவிடும் குட்டி விலங்கின் கடி. ஸ்கார்லாட்டியின் அப்பா அலெஸ்ஸாண்ட்ரோ, தானே பெரிய ஓப்பரா இசையமைப்பாளர், 1705-இல் மகனை வெனிஸுக்கு அனுப்பினார். காஸ்பரீனி அப்போது அங்கேதான் இருந்தார், இருவருக்கும் பழக்கம் உண்டு. ஆக, பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து கார்டு போடும் ஆள் கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருந்த ஒன்றை ஸ்கார்லாட்டி எடுத்துத் தனி வாசிப்பின் நடுவில் வைத்தார். காஸ்பரீனியின் குட்டி விலங்கு விட்டுவிடும். ஸ்கார்லாட்டியின் விலங்கு பல இடங்களில் விடாது, அடுத்தடுத்த தட்டுகளிலும் கடித்துக்கொண்டே போகும்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஸ்பெயின் என்பது வழக்கமான விளக்கம். பெரும்பாலும் சரி என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர் வாழ்க்கையின் போக்கு இது: 1685 அக்டோபர் 26-இல் நேப்பிள்ஸில் பிறந்தார் (பாக், ஹாண்டல் இருவரும் அதே ஆண்டுதான்). ரோமில் புனித பேதுரு ஆலயத்தின் இசைக் குழுவை நடத்தினார். 1719-இல் லிஸ்பன் போய் அரசர் ஐந்தாம் ஜுவானிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அரசரின் மகள் மரியா பார்பராவுக்கு ஹார்ப்சிகார்ட் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வந்தது. 1729-இல் இளவரசிக்கு ஸ்பெயின் பட்டத்து இளவரசரோடு கல்யாணம் ஆனபோது ஆசிரியரும் கூடவே போனார். முதல் நாலு ஆண்டுகள் அரண்மனை செவில்லில், அதாவது தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் இருந்தது. 1733-இலிருந்து மாட்ரிட். 1757 ஜூலை 23-இல் அங்கேயே இறந்தார். மாணவி அடுத்த ஆண்டே இறந்துவிட்டார்.

ஸ்பெயினில் கிட்டார் இல்லாத தெரு கிடையாது. அன்றைய கிட்டாருக்கு ஐந்து வரிசைக் கம்பிகள், கீழிருந்து மேலே ஏ, டி, ஜி, பி, ஈ. வாசிப்பவர் இடது கையால் இரண்டு மூன்று இடங்களை மட்டும் அழுத்திக்கொண்டு வலது கையால் மொத்தக் கம்பிகளையும் வழித்து அடிப்பார். அழுத்தாமல் விட்ட கம்பிகள் தம் பாட்டுக்கு ஒலிக்கும், அவை அந்தக் கார்டில் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கார்டு மாறினாலும் அந்தத் திறந்த கம்பிகள் மாறாது. கே 141-இல் இடது கை விடாப்பிடியாக அடிப்பதும், சில சுரங்கள் கீழே எது மாறினாலும் நகராமல் நிற்பதும் இந்த வழிப்பு அடியை அப்படியே நினைவுபடுத்துகின்றன. வலது கை ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பக் கொட்டுவதைக் கிட்டார் என்பவர்களும் உண்டு, நேப்பிள்ஸ்காரரின் மாண்டலின் என்பவர்களும் உண்டு. எதுவானாலும் மீட்டும் வாத்தியம் என்பதில் சந்தேகமில்லை.

நிதானம் ஏன் என்றால், பலர் இதை நேரே 'பிளமெங்கோ' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயரில் ஓர் இசை வகை உருவாகி வெளியே தெரிந்தது 19-ஆம் நூற்றாண்டில். ஸ்கார்லாட்டி கேட்டிருக்கக்கூடியவை ஃபாண்டாங்கோ, செகுய்தில்லா போன்ற ஆட்டங்களும் தெருப்பாட்டுகளும். ஏ, ஜி, எஃப், ஈ என்று படிப்படியாக இறங்கி ஈ-யிலேயே நின்றுவிடும் ஆந்தலூசிய முடிப்பு அவரிடம் அடிக்கடி வருகிறது. இதற்கு ஓரளவு பழைய சாட்சியமும் உண்டு. ஆங்கிலேய இசை எழுத்தாளர் சார்லஸ் பர்னி 1772-இல் வியன்னாவில் லோஜியே என்ற மருத்துவரைச் சந்தித்தார். ஸ்கார்லாட்டியை நேரில் அறிந்தவர் அவர். வண்டிக்காரர்களும் கோவேறு கழுதை ஓட்டுபவர்களும் பாடும் மெட்டுகளை ஸ்கார்லாட்டி தம் படைப்புகளில் எடுத்துக்கொண்டார் என்று அவர் சொன்னதாகப் பர்னி எழுதியிருக்கிறார். அதே இடத்தில் இன்னொரு சேதியும் வருகிறது: இசையமைப்பின் விதிகளையெல்லாம் நான் மீறியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த மீறல்கள் காதை உறுத்தினவா என்று ஸ்கார்லாட்டி கேட்டாராம். உங்கள் கேள்விக்கு அவரே சொன்ன பதில் என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

காதை உறுத்தியவர்களும் இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ லோங்கோ என்ற இத்தாலியர் சொனாட்டாக்களை ஏறக்குறைய முழுமையாகத் திரட்டிப் பதிப்பித்தார். மகத்தான உழைப்பு, அவர் இல்லையென்றால் பல வாசிப்பாளர்களுக்கு இந்த இசை கிடைத்தே இருக்காது. ஆனால் உரசும் சுரங்களைப் பல இடங்களில் எழுத்தரின் பிழை என்று எண்ணித் 'திருத்தி'விட்டார். அதோடு தனித்தனியாக இருந்தவற்றைத் தம் விருப்பப்படி கட்டுகளாகக் கோத்துவிட்டார். 1953-இல் ரால்ப் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்க ஹார்ப்சிகார்ட் கலைஞர் ஸ்கார்லாட்டி பற்றித் தம் பெரிய நூலை வெளியிட்டபோது பழைய கைப்படிகளின் வரிசையில் புதிய எண்களைக் கொடுத்தார், 1 முதல் 555 வரை. 'கே' என்பது அவர் பெயர்தான். லோங்கோவின் எண் வேறு. கடையில் பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் அட்டையில் 'எல்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நாம் பேசிக்கொண்டிருக்கும் சுவையே வடிகட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கார்லாட்டி தம் கையால் எழுதிய ஒரு சொனாட்டா படிகூட இன்று இல்லை. இருப்பவை பெரும்பாலும் பின்னாளில் ஸ்பெயின் அரசியான மரியா பார்பராவுக்காக எழுத்தர்கள் எடுத்த படிகள். அரண்மனையில் ஸ்கார்லாட்டியோடு இருந்த பாடகர் ஃபாரினெல்லிக்கு அரசி தம் இசை ஏடுகளை விட்டுச்சென்றார், அவர் இத்தாலிக்குக் கொண்டுபோனார். இன்று ஒரு தொகுதி வெனிஸில், இன்னொன்று பார்மாவில், ஒவ்வொன்றும் பதினைந்து ஏடுகள். கிர்க்பாட்ரிக் படியெடுத்த வரிசையைக் கொண்டே எழுதிய வரிசையையும் ஊகித்தார். அதை இப்போது பலர் ஏற்பதில்லை. ஆகவே எண் பெரிதாக இருந்தால் பிற்காலத்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து அந்த வலது கை. ஒரே கட்டையில் விரல்களை மாற்றி மாற்றி, பெரும்பாலும் நடுவிரல், ஆள்காட்டி, கட்டைவிரல் என்ற வரிசையில் தட்டுவது. ஹார்ப்சிகார்டின் கட்டை இலேசானது, ஆழமும் குறைவு. இறகுத் தண்டு கம்பிக்குக் கீழே இறங்கியவுடன் அடுத்த மீட்டலுக்குத் தயார். பியானோவில் இது பெரிய தொல்லை. 1821-இல் எரார் என்ற பியானோ தயாரிப்பாளர் ஒரு இயந்திர ஏற்பாட்டைக் காப்புரிமை செய்தார், அதில் கட்டை முழுதாக மேலே வராமலேயே சுத்தியல் மறுபடி அடிக்கும். இன்றைய கிராண்ட் பியானோக்கள் அதன் வழிவந்தவை. சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோக்களில் சாதாரணமாக அது கிடையாது. வீட்டில் அப்ரைட் வைத்துக்கொண்டு கே 141 பழகும் பிள்ளைகள், நம் விரலில் வேகம் இல்லை என்று நொந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். பாதிக் குற்றம் பியானோவுடையது. கட்டை திரும்பி வரும் வேகத்துக்கு மேல் விரல் ஓடிப் பயனில்லை, சுரங்கள் விழுங்கப்படும். அப்ரைட்டில் வேகத்தைக் குறைத்து, விரலைக் கட்டையிலிருந்து முழுதாக எடுத்து வாசிப்பதுதான் வழி.

கைகள் ஒன்றையொன்று தாண்டிப் பாய்வதும் இவருடைய முத்திரை. 1738-இல் லண்டனில் அச்சான 'எசெர்சிட்சி' என்ற முப்பது சொனாட்டாத் தொகுப்பிலேயே அது நிறைய உண்டு. எந்தக் கை எது என்று குழம்பக்கூடாதென்று வலது கைக்கு 'டி', இடது கைக்கு 'எம்' என்று எழுத்துப் போட்டிருப்பதாக முன்னுரையில் அவரே சொல்கிறார். அந்த முன்னுரை சின்னதுதான், ஆனால் ருசியானது. வாசகரே, நீர் ரசிகரோ தொழில்முறைக் கலைஞரோ, இதில் ஆழ்ந்த புலமையை எதிர்பார்க்காதீர், கலையோடு ஒரு சாமர்த்தியமான விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளும் என்கிற தொனியில் போய், மகிழ்ச்சியாக வாழும் என்று முடிகிறது. கடைசிக் காலத்தில் உடல் பெருத்துக் கைதாண்ட முடியாமல் போனதால் அப்படி எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று பர்னி ஒரு கதை சொல்கிறார். கிடைத்திருக்கும் ஓவியத்தில் மனிதர் ஒல்லியாகத்தான் இருக்கிறார். பருமனாக இருந்தது அரசி, கதையில் ஆள் மாறிவிட்டது என்பது கிர்க்பாட்ரிக்கின் ஊகம். நானும் அந்தக் கட்சிதான்.

சரி, நாலு நிமிடத்துக்கு எப்படி சொனாட்டா என்று பெயர்? பீத்தோவனை வைத்துப் பார்த்தால் மூன்று நான்கு பாகங்கள் எதிர்பார்ப்போம். ஸ்கார்லாட்டி காலத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே பாகம், அது இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு பாதியையும் இருமுறை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். (பல பாகங்கள் கொண்ட சில விதிவிலக்குகளும் உண்டு. கே 89 போன்றவை தனி வாத்தியம் ஒன்றுக்கும் பக்கவாத்தியத்துக்குமாக எழுதப்பட்டவை என்று தோன்றும். மாண்டலின் கலைஞர்கள் அதை ஆசையாக வாசிக்கிறார்கள்.) முதல் பாதி வீட்டுச் சுருதியில் கிளம்பி வேறொரு இடத்தில் போய் நிற்கும். இரண்டாம் பாதி அங்கிருந்து கிளம்பி, தூரமான சுருதிகளில் அலைந்து, வீடு திரும்பும். முதல் பாதியின் முடிவில் வந்த வாக்கியங்கள் இரண்டாம் பாதியின் முடிவில் வீட்டுச் சுருதியில் திரும்ப வரும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: திரும்பி வர வேண்டியது முடிவு. தொடக்கம் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்கால சொனாட்டாவில் தொடக்க மெட்டு கோலாகலமாகத் திரும்புவதற்காக எல்லோரும் காத்திருப்போம். ஸ்கார்லாட்டி அதைப் பல சமயம் மறந்தேவிடுவார்.

நடுவில் அலையும் பகுதியில் இன்னொரு வினோதம். ஒரு சின்னத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு அதையே விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார், அடியில் கார்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மெட்டு என்று எதுவும் இருக்காது. ஜோயல் ஷெவலாஃப் என்ற ஆய்வாளர் இதற்கு 'வாம்ப்' என்று பெயர் வைத்தார், ஜாஸ்காரர்கள் பாடகர் வரும்வரை ஒன்றையே உருட்டிக்கொண்டிருப்பார்களே, அந்தச் சொல். முதல் கேட்பில் இசையமைப்பாளருக்கு யோசனை தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும். மூன்றாம் முறை கேட்கும்போது அதுதான் சொனாட்டாவிலேயே நெஞ்சை இறுக்கும் இடமாக இருக்கும்.

பாக் மாதிரி இல்லையே என்பதற்கும் இப்போது பதில் சுலபம். பாக்கிடம் இரண்டு மூன்று குரல்கள், அதாவது மெட்டு இழைகள், தனித்தனியாக நடந்துகொண்டே ஒன்றோடொன்று பொருந்தும். தாளில் பார்த்தாலும் அந்த அழகு தெரியும். ஸ்கார்லாட்டியிடம் குரல்கள் திடீரென்று முளைக்கும், காணாமல் போகும், மூன்று சுரம் சட்டென்று ஆறாகும். இது குரல் கணக்கில் எழுதியதல்ல, கைக்கணக்கில் எழுதியது. அவருக்குக் குரல்களைப் பின்னத் தெரியாது என்று அர்த்தமில்லை. எசெர்சிட்சியின் கடைசி சொனாட்டா, கே 30, முறையான ஃபியூக், அதாவது ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம். பூனை ஒன்று கட்டைகளில் நடந்ததில் பிறந்த மெட்டு என்ற கதையால் அதைப் 'பூனை ஃபியூக்' என்பார்கள், அந்தப் பெயர் அவர் வைத்ததல்ல. பி மைனரில் உள்ள கே 87-ஐயும் கேளுங்கள். நாலு குரல்கள் அமைதியாகப் பின்னிக்கொண்டு போகும், ஆசிரியர் பெயரை மறைத்துப் போட்டால் பலர் ஸ்கார்லாட்டி என்று சொல்லமாட்டார்கள். பரோக் என்ற பெயர் பிறந்த ஆண்டுக்குப் பொருந்துகிறது. குட்டி குட்டி வாக்கியங்கள், சொன்னதை உடனே திரும்பச் சொல்லும் பழக்கம், தெளிவான நிறுத்தங்கள் இவையெல்லாம் அடுத்த தலைமுறையின் பாணி. எந்தப் பெட்டியில் போட்டாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் அந்த விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை.

கடைசியாகப் பியானோ. இதில் யாராவது ஒழுக்கம் பேசினால் அரசியின் வாத்தியப் பட்டியலைக் காட்டுங்கள். மரியா பார்பராவிடம் பன்னிரண்டு கட்டை வாத்தியங்கள் இருந்தன. அவற்றில் ஐந்து பியானோவாக ஃப்ளோரன்ஸில் செய்யப்பட்டவை, அதாவது பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்தோஃபோரியின் ஊரில். ஆனால் அவற்றில் இரண்டை ஹார்ப்சிகார்டாக மாற்றிவிட்டார்கள் என்பதும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது! மேலும் அன்றைய பியானோ மெல்லிய குரல் கொண்டது, இன்றைய கச்சேரி கிராண்டுக்கும் அதற்கும் வெகுதூரம். ஆகவே பியானோவில் வாசிப்பது குற்றமில்லை, மொழிபெயர்ப்பு என்ற நினைவோடு வாசித்தால் போதும். ஆர்கெரிச் அந்த அடி உதையைச் சத்தத்தாலும் வேகத்தாலும் கொண்டுவருகிறார். இன்னொரு பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸ் 1964-இல் பதிவு செய்த சொனாட்டாக்களில் ஒவ்வொரு குரலுக்கும் வேறு நிறம் கொடுக்கிறார், ஹார்ப்சிகார்டால் அது முடியவே முடியாது. கிட்டார் கலைஞர்களும் பல சொனாட்டாக்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார்கள், உரிமையுள்ள சொத்துதானே.

நீங்கள் அடுத்து செய்யவேண்டியது அதே கே 141-ஐ ஹார்ப்சிகார்டில் கேட்பது. ஸ்காட் ராஸ் 1984-85-இல் 555 சொனாட்டாக்களையும் பதிவு செய்தார், 34 குறுந்தட்டுகளாக வந்தன, அதில் இருக்கிறது. ஆர்கெரிச்சைவிடச் சத்தம் குறைவாகத்தான் தெரியும். ஹெட்ஃபோனில், இடது கையை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அப்புறம் கே 119. வேகம் அலுத்துவிட்டால் ஏ மேஜரில் கே 208, அதில் இடது கை சீரான நடையில் போக, வலது கை அதற்குச் சற்றுப் பிந்தியும் முந்தியும் பாடிக்கொண்டே போகும்.